எந்த ஷெல்லுக்கு இந்தக் கட்டளை?

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்குச் சிவப்பு மிதவைகள் இடப்பக்கமும் பச்சை மிதவைகள் வலப்பக்கமும் இருக்க வேண்டும். அதே கப்பல் மணிலாவுக்கோ யோகோஹாமாவுக்கோ போனால் நிறங்கள் இடம் மாறிவிடும். அங்கே சிவப்புதான் வலப்பக்கம். 1976 வாக்கில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் புழக்கத்தில் இருந்தன. 1980இல் டோக்கியோவில் கூடிய மாநாட்டில் அவற்றை இரண்டாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன, ஒன்றாக்க முடியவில்லை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை ‘பி’ மண்டலம் என்றும், இந்தியா உட்பட மற்றவை ‘ஏ’ மண்டலம் என்றும் பிரிந்தன. ஆகவே, “உள்ளே வரும்போது சிவப்பை இடப்பக்கம் வைத்துக்கொள்” என்ற அறிவுரை மன்னார் வளைகுடாவில் கப்பலைக் காக்கும். மணிலா விரிகுடாவில் தரைதட்ட வைக்கும். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடத் தவறில்லை. எந்தக் கடலுக்கு என்று சொல்லாமல் விட்டதுதான் தவறு.

கணினிக் கருவிகளுக்கு எழுதப்படும் கையேடுகளில் இதே தவறு நாள்தோறும் நடக்கிறது. மவுஸைத் தொடாமல், எழுத்துகளைத் தட்டச்சு செய்து கணினியை வேலை வாங்கும் முறைக்குக் கட்டளை வரி என்று பெயர். நிரல் எழுதுவோர், வலைத்தளச் சர்வர்களைப் பராமரிப்போர், தரவுகளை அலசுவோர், கல்லூரி ஆய்வகத்தில் கணினி அறிவியல் படிப்போர் என்று பலரும் அந்தத் திரையின் முன்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கான கையேடுகள், “கீழ்க்கண்ட வரியைத் தட்டச்சு செய்க” என்று தொடங்குகின்றன. எதில் தட்டச்சு செய்வது என்பதைப் பெரும்பாலானவை சொல்வதே இல்லை. கட்டளையைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிரல் எது என்று சொல்லாத கையேடு பாதிக் கையேடுதான். அதை முழுமையாக்கும் கடமை எழுதியவருடையது, வாசிப்பவருடையது அல்ல. இந்தக் கட்டுரை வாதாட வருவது இதற்காகத்தான்.

முதலில் ஷெல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நாம் தட்டச்சு செய்யும் வரி நேராகக் கருவிக்குப் போய்ச் சேர்வதில்லை. நடுவில் ஒரு நிரல் அதை வாங்கி, இடைவெளி பார்த்துச் சொற்களாகப் பிரிக்கிறது. மேற்கோள் குறிகளைக் கழற்றுகிறது. நட்சத்திரக் குறி இருந்தால் அந்த இடத்தில் கோப்புகளின் பெயர்களை நிரப்புகிறது. டாலர் குறி போட்ட பெயர்களுக்குப் பதிலாக அவற்றின் மதிப்பை வைக்கிறது. இத்தனையும் முடிந்த பிறகே கருவியை எழுப்பி, மிச்சத்தை அதன் கையில் கொடுக்கிறது. அந்த இடைநிலை நிரல்தான் ஷெல். பெல் ஆய்வகத்தில் பிறந்த போர்ன் ஷெல் 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. பெர்க்லியில் பில் ஜாய் சி ஷெல்லை எழுதினார். 1989இல் குனு திட்டத்துக்காக பிரயன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் வந்தது. அடுத்த ஆண்டு இசட் ஷெல், 2005இல் ஃபிஷ், 2006இல் மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற பழைய கறுப்புத் திரை இன்னும் இருக்கிறது. ஒவ்வொன்றும் வரியைப் பிரிக்கும் விதியும், குறிகளுக்குக் கொடுக்கும் பொருளும் வேறு வேறு. எனவே தட்டச்சு செய்ய வேண்டிய வரியைக் காட்டும் கையேடு, தெரிந்தோ தெரியாமலோ இரண்டு பொருள்களை விளக்குகிறது: ஒன்று கருவி, இன்னொன்று ஷெல். இரண்டாவதைப் பெயர் சொல்லாமலேயே விளக்குவதில்தான் குழப்பம் பிறக்கிறது.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்து, அதைப் பின்னால் வரும் கருவிகள் படிக்கும்படி வைப்பது கையேடுகளில் அடிக்கடி வரும் வேலை. கமாண்ட் பிராம்ப்டில் இதற்கு ‘செட்’ என்று எழுதி, இடைவெளி விட்டு, பெயர், சமக்குறி, மதிப்பு என்று ஒட்டி எழுதினால் போதும். இப்போது இதே வரியைப் பவர்ஷெல்லில் கொடுங்கள். பிழைச் செய்தி வராது. ஆனால் நாம் நினைத்தது நடந்திருக்காது. சமக்குறியையும் சேர்த்துப் பெயராக எடுத்துக்கொண்டு, மதிப்பே இல்லாத ஒரு மாறியை அது உருவாக்கியிருக்கும். பாஷிலும் இசட் ஷெல்லிலும் கொடுத்தால் அங்கும் பிழைச் செய்தி இல்லை. அந்தச் சரம் முழுவதும் ‘முதல் அளபுரு’ என்ற வேறொரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். சி ஷெல் மதிப்பை வாங்கிக்கொள்ளும், ஆனால் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்த கருவிக்குத் தராது. ஃபிஷ் ஒன்றுதான் பெயர் சரியில்லை என்று வாய் திறந்து சொல்லும். ஆறு ஷெல்களில் ஒன்று சொன்னதைச் செய்கிறது, ஒன்று மறுக்கிறது, நான்கு மௌனமாக வேறெதையோ செய்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கின்றன. பயனருக்குப் பத்து வரி தாண்டிய பிறகுதான் கருவி முரண்டு பிடிப்பது தெரியும். அப்போது அவர் பத்தாவது வரியைத்தான் சந்தேகிப்பார். எளிதில் அகப்படாத பிழை இதுதான்.

கடலில் இதைவிடக் கொடுமையான ஒரு முன்னுதாரணம் இருந்தது. சுக்கானைத் திருப்பக் கட்டையைப் பிடித்துத் தள்ளிய காலத்தில், கட்டையை வலப்பக்கம் தள்ளினால் கப்பலின் முகம் இடப்பக்கம் திரும்பும். “ஸ்டார்போர்டு”, அதாவது வலம் என்று ஆங்கிலேயக் கப்பலில் உத்தரவு கொடுத்தால், கட்டையை வலப்பக்கம் தள்ளு என்று பொருள். கப்பல் இடப்பக்கம் போகும். கட்டை போய்ச் சக்கரம் வந்த பின்பும் உத்தரவு மாறவில்லை. 1912இல் டைட்டானிக் பனிப்பாறையைக் கண்டபோது, கப்பலை இடப்பக்கம் திருப்பக் கொடுக்கப்பட்ட உத்தரவில் இருந்தது ‘ஸ்டார்போர்டு’தான். பிரெஞ்சுக் கப்பல்களில் வலம் என்றால் கப்பலே வலம் திரும்ப வேண்டும். ஒரே உத்தரவு கேட்கும் காதைப் பொறுத்து எதிரெதிர்த் திசையில் கப்பலைத் திருப்பியது. 1929இல் லண்டனில் கூடிய கடல் பாதுகாப்பு மாநாடு, உத்தரவு கப்பல் திரும்ப வேண்டிய திசையையே குறிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பிரிட்டன் 1932இல் அதைச் சட்டமாக்கியது. கடல் உலகம் அத்தோடு விட்டுவிடவில்லை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல் தகவல்தொடர்புச் சொற்றொடர்த் தொகுப்பு, சுக்கானி ஒவ்வொரு உத்தரவையும் திருப்பிச் சொல்ல வேண்டும், அது சரியாகவும் உடனேயும் நிறைவேறுகிறதா என்று பணியிலுள்ள அதிகாரி பார்க்க வேண்டும் என்கிறது. இன்று தூத்துக்குடியில் துறைமுக பைலட் ஏறி நடத்தும் கப்பலில், சுக்கான் பிடிப்பவர் பிலிப்பினோவாக இருந்தாலும் கொல்லத்துக்காரராக இருந்தாலும் உத்தரவு அவர் வாயிலிருந்து ஒருமுறை திரும்பி வரும். மௌனமான தவறுக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு இது. கட்டளை வரிக் கையேடுகளில் இதற்கு இணையான ஏற்பாடு அநேகமாக இல்லை.

மேற்கோள் குறிக்கு வருவோம். ‘முத்துக் குளித்தல்’ என்ற தொடர் எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று தேட வேண்டும். லினக்ஸ் பழகியவர் எழுதிய கையேடு அந்தத் தொடரை ஒற்றை மேற்கோளுக்குள் போடச் சொல்லும். பாஷும் பவர்ஷெல்லும் அதை ஒரே சொல்லாகக் கருவியிடம் கொடுத்துவிடும். கமாண்ட் பிராம்ப்டுக்கு ஒற்றை மேற்கோள் சாதாரண எழுத்து. அங்கே தொடர் இரண்டாக உடைந்து, தேட வேண்டிய சொல் ‘முத்துக்’ என்றும், தேட வேண்டிய கோப்பின் பெயர் ‘குளித்தல்’ என்றும் ஆகிவிடும், ஆளுக்கொரு மேற்கோள் குறியைத் தொங்கவிட்டுக்கொண்டு. ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று செய்தி வரும்போது, மாணவர் தன் கோப்பைத் தேடுவாரே தவிர மேற்கோள் குறியைச் சந்தேகிக்க மாட்டார். நட்சத்திரக் குறியும் இப்படித்தான். கமாண்ட் பிராம்ப்ட் அதைத் தொடாமல் கருவியிடம் கொடுக்கும். பாஷ் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரித்துக் கொடுக்கும். எதுவும் பொருந்தாவிட்டால் நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிடும். இசட் ஷெல்லோ பொருந்தாவிட்டால் வரியையே ஓட்ட மறுக்கும். ஆகவே நட்சத்திரத்தை மேற்கோளுக்குள் அடைக்காமல் எழுதிய ஒரு தேடல் வரி, பாஷில் வெறும் ஃபோல்டரில் வேலை செய்து, கோப்புகள் நிறைந்ததும் தவறான விடை தரும். கையேடு எழுதியவரின் கணினியில் அது என்றுமே ஓடியிருக்கலாம். அவருடைய ஃபோல்டர் அப்படி.

கணினியில் தயாரித்துப் பகிரும் பாடக்குறிப்புகளால் இன்னொரு சிக்கல் வருகிறது. வேர்டு போன்ற நிரலில் கட்டளையை எழுதினால், நேர் மேற்கோள் குறிகள் தாமாகவே வளைந்த மேற்கோள்களாக மாறிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும். பவர்ஷெல் வளைந்த மேற்கோளையும் மேற்கோளாகவே ஏற்றுக்கொள்கிறது, பாஷ் ஏற்காது. விண்டோஸில் பவர்ஷெல்லில் சரிபார்த்துத் தந்த குறிப்பை லினக்ஸ் ஆய்வகத்தில் நகலெடுத்து ஒட்டும் மாணவர்கள், எழுத்துப்பிழை எதுவும் காணாமல் தவிப்பது இதனால்தான்.

இதுவரை சொன்னவை ஆங்கிலத்தில் வேலை செய்வோருக்கும் உள்ள தொல்லைகள். தமிழில் வேலை செய்வோருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகள் அதைப் பற்றி அநேகமாகப் பேசுவதில்லை, எழுதியவர்களின் கண்ணில் அது படாததால். ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் அது ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். ஆங்கிலத்தில் எழுத்து, குறியீடு, பைட் மூன்றும் ஒரே எண்ணிக்கையாக இருப்பதால், ஒரு கருவி எதை எண்ணுகிறது என்று கையேட்டில் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. நமக்கு உண்டு. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல், ஒரு கருவியின் விடையை அம்புக்குறி போட்டுக் கோப்பில் இறக்கினால், அது யுடிஎஃப்-16 முறையில் எழுதப்படும். யுடிஎஃப்-8 எதிர்பார்க்கும் அடுத்த கருவிக்கு அந்தக் கோப்பு புரியாது. அதைவிட மோசம், தமிழ் வரிகளைக் குழாய்க்குறி வழியாக வேறொரு கருவிக்கு அனுப்பும்போது நடப்பது. பவர்ஷெல் 5.1 அவற்றை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி அனுப்புவதே இயல்பு அமைப்பு. ஆஸ்கியில் தமிழ் இல்லாததால் ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியாகிவிடும். 2018இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு முதல் இரண்டுக்கும் யுடிஎஃப்-8 இயல்பானது. ஆனால் விண்டோஸில் தானாகக் கிடைப்பது இன்னும் 5.1தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை வாசகருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கறுப்புத் திரையில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. எழுத்துரு இல்லாத குறை அது, கோப்புக்குள் தமிழ் பத்திரமாக இருக்கும். கோப்பைத் திறந்து பார்க்கும்போது கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால், எழுத்து போய்விட்டது என்று பொருள். கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க வழி இல்லை. கொற்கைக் கல்வெட்டுகளையோ பழைய மீன்வள அறிக்கைகளையோ தட்டச்சு செய்து வைத்திருக்கும் ஒருவர், எண்ணுவதற்கோ வரிசைப்படுத்துவதற்கோ ஒரு கருவிக்குள் அனுப்பி, விடையைப் பழைய கோப்பின் மேலேயே எழுதினால் மாதக்கணக்கான உழைப்பு ஒரு வரியில் அழியும். ‘இந்த வரி பாஷுக்கானது, பவர்ஷெல் 5.1இல் தமிழ் உரைக்குப் பயன்படுத்தாதீர்கள்’ என்று ஒரு வாக்கியம் இருந்திருந்தால் போதும். அதனால்தான் இது கையேட்டின் அழகு பற்றிய பேச்சல்ல என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மூர் வாசகர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. கணினியைத் தொடங்கும்போது எதைத் தேர்ந்தோமோ அதைப் பொறுத்து ஷெல் மாறும். ஒரே மாணவி, ஒரே மடிக்கணினி, காலையில் பாஷ், மாலையில் கமாண்ட் பிராம்ப்ட். ‘லினக்ஸ் பயனர்’, ‘விண்டோஸ் பயனர்’ என்று ஆட்களைப் பிரித்து எழுதும் கையேட்டுக்கு அவர் எந்தப் பக்கம்? இயங்குதளத்தைச் சொன்னால் ஷெல்லைச் சொன்னதாகவும் ஆகாது. விண்டோஸ் ஒன்றிலேயே கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல், கிட் நிரலோடு வந்து சேரும் பாஷ் என்று மூன்று இருக்கக்கூடும். கட்டளைகளுக்குச் சுருக்கமான எடுத்துக்காட்டுகள் தரும் டிஎல்டிஆர் என்ற தன்னார்வத் திட்டத்தில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. பாராட்ட வேண்டிய பணி. அதன் பக்கங்கள் இயங்குதளவாரியாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் விண்டோஸ் பக்கங்கள் சிலவற்றில் ‘பவர்ஷெல்லில் மட்டுமே ஓடும்’ என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. இயங்குதளப் பிரிவு போதவில்லை என்பதற்கு அந்தக் குறிப்பே சான்று. இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் ‘கர்ல்’ கருவியின் கதை இன்னும் தெளிவானது. பவர்ஷெல் 5.1இல் கர்ல் என்று எழுதினால் அந்தக் கருவி எழும்பாது; பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளை ஒன்று அந்தப் பெயருக்குப் பதில் சொல்லும். 2016இல் பவர்ஷெல்லின் மூல நிரல் திறந்துவிடப்பட்டதும், கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் அந்தப் புனைபெயரை நீக்கும்படி கேட்டார். பிந்தைய பதிப்பில் நீக்கினார்கள். 5.1இல் அது இருக்கிறது.

ஷெல்லின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற வாதத்துக்கு முதலாவதாக வரும் மறுப்பு நியாயமானதுதான்: எல்லோரும் பாஷுக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே, சுக்கான் உத்தரவை ஒன்றாக்கியது போல ஷெல்லையும் ஒன்றாக்கலாமே? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியும் வந்துவிட்டது. ஒன்றாக்க முடிந்த இடத்தில் ஒன்றாக்குவது நல்லதே. 1992இல் வந்த போசிக்ஸ் ஷெல் தரம் அந்த முயற்சிதான், அதனால் பெரும் நன்மை விளைந்தது. ஆனால் சுக்கான் உத்தரவு ஒன்றானது போல மிதவையின் நிறம் ஒன்றாகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நட்ட மிதவைகளும், அவற்றைப் பார்த்துப் பழகிய கண்களும் இரண்டு பெருங்கடல் அளவுக்குப் பரந்து கிடந்தன. ஷெல்களும் அப்படிப் பரந்து கிடப்பவை. அதோடு, ‘எல்லோருக்கும் ஒன்று’ என்று நம்பிய இடத்திலும் காலடியில் மண் நகர்ந்திருக்கிறது. 2006 அக்டோபரில் உபுண்டு தன் பொது ஷெல்லை பாஷிலிருந்து டேஷ் என்ற சிறிய ஷெல்லுக்கு மாற்றியது. பாஷின் தனி வசதிகளைப் பொதுவானவை என்று எண்ணி எழுதப்பட்ட நிரல்வரிகள் முறிந்தன. 2019இல் ஆப்பிள், மேக் கணினிகளின் இயல்பு ஷெல்லை பாஷிலிருந்து இசட் ஷெல்லுக்கு மாற்றியது. பாஷின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்ன கையேடுகள் அத்தனையும் அன்று முதல் புதிய மேக்குகளில் பலனற்றுப் போயின. அவற்றைப் பின்பற்றியவருக்குப் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சேர்த்த வரியைப் படிக்க ஆளில்லை, அவ்வளவுதான். ஷெல்லின் பெயரைச் சொல்லியிருந்த கையேடு அன்றும் உண்மையாகவே இருந்தது.

இரண்டாவது மறுப்பு உழைப்பைப் பற்றியது. ஒரு கருவியை எழுதுவதே பெரும்பாடு; அதன் கையேட்டை ஐந்து முறை எழுதச் சொன்னால் யார் எழுதுவார்? இதில் கணக்குப் பிழை இருக்கிறது. ஷெல்லுக்கு ஷெல் மாறும் இடங்கள் சிலவே: மேற்கோள், மாறிக்கு மதிப்புக் கொடுப்பது, நட்சத்திரம், நீண்ட வரியை மடிக்கும் குறி, அம்பும் குழாயும், அமைப்புக் கோப்பு இருக்கும் இடம். கர்ல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கருவியின் பெயரும் விருப்பங்களும் மட்டும் உள்ள வரி எங்கும் ஒரே மாதிரிதான் ஓடும்; அதை ஒருமுறை எழுதினால் போதும். வேறுபடும் வரிகளை மட்டும் பிரித்துக் காட்ட வேண்டும். பைத்தான் மொழியின் அதிகாரபூர்வ ஆவணம், தனிச்சூழலைத் தொடங்கும் கட்டளையை ஒரு சிறு அட்டவணையாகத் தருகிறது: பாஷும் இசட் ஷெல்லும் ஒரு வரி, ஃபிஷ் ஒரு வரி, சி ஷெல் ஒரு வரி, கமாண்ட் பிராம்ப்ட் ஒரு வரி, பவர்ஷெல் தனி. இது கையேட்டில் அரைப் பக்கம்கூட இல்லை. எழுதுகிறவர் இன்னும் கொஞ்சம் யோசித்தால் வேலையைக் குறைக்கவும் முடியும். மாறிக்கு மதிப்புக் கொடுப்பதற்குப் பதிலாக அதே மதிப்பை அமைப்புக் கோப்பிலோ கட்டளையின் விருப்பமாகவோ கொடுக்க வழி இருந்தால், அதை முதலில் காட்டலாம். இடைவெளி உள்ள தொடருக்கு ஒற்றை மேற்கோளை விட்டு இரட்டை மேற்கோள் போட்டால், டாலர் போன்ற சிறப்புக் குறிகள் உள்ளே இல்லாதவரை பாஷ், கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் மூன்றுக்கும் ஒரே வரி பொருந்தும். நீண்ட வரியை மடிக்க பாஷில் பின்சாய்கோடு, கமாண்ட் பிராம்ப்டில் கூரைக்குறி, பவர்ஷெல்லில் பின்னொற்றைக் குறி; மடிக்காமல் ஒரே வரியாகக் கொடுத்துவிட்டால் மூன்றும் தேவையில்லை.

கடல் வரைபடங்களைத் தயாரிப்பவர்களும் இந்த உழைப்பைச் செய்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்தியக் கடற்படையின் நீரளவை அலுவலகம் வெளியிடும் வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில், ஆழம் எந்த அலகில் தரப்பட்டிருக்கிறது, எந்த நீர்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்பவை முதலிலேயே இருக்கும். மீட்டரைவிட நீளமான பழைய அலகான பாகத்தில் எழுதிய 5ஐ மீட்டர் என்று படித்தவர் ஆழத்தைக் குறைவாக எண்ணுவார். மீட்டரைப் பாகம் என்று படித்தவர் கப்பலை இழப்பார். எண்ணை நம்புவதற்கு முன் எண்ணின் அலகைப் படி என்ற பழக்கம் மாலுமிக்கு ஊறியிருப்பது அந்தத் தலைப்புக் கட்டத்தால்தான். கணினிக் கையேட்டில் அதற்குரிய இடம் முதல் வரி: எந்த ஷெல், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளத்தில் சரிபார்த்தது.

மூன்றாவது மறுப்பைக் கற்றவர்களே சொல்கிறார்கள்: பயனர் தன் ஷெல்லை முதலில் படிக்கட்டும்; படிகள் ஒன்றுதான், அதைத் தன் சூழலுக்கு மாற்றிக்கொள்ளத் தெரியாதவருக்குக் கட்டளை வரி எதற்கு? படிகள் ஒன்றாக இருந்தாலே போதுமா என்பதற்கு முத்துக் கரையிலேயே விடை இருக்கிறது. 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, முத்துச்சிப்பிக்குள் கருமணியையும் மேலுறைத் திசுத் துண்டையும் வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். வழிமுறை ஜப்பானியர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவந்ததுதான். ஆனால் அங்கே குளிர்காலத்தில் நீர் குளிர்ந்து சிப்பியின் வளர்ச்சி நின்றுவிடும். மன்னார் வளைகுடாவில் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீர், முத்துப்படலம் விரைவாகப் படியும். படிகள் ஒன்று, காலக்கணக்கு வேறு. ஜப்பானியக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனம் மீனவரிடமோ தொழில் தொடங்க வந்தவரிடமோ சொல்லவில்லை. இந்தக் கடலுக்கான குறிப்பேடுகளை எழுதி, பயிற்சியும் நடத்தியது. வேறுபாடு எங்கே என்று அறிந்தவர் அதை எழுதிவைப்பதும், அறியாதவர் அதைத் தோண்டிக் கண்டுபிடிப்பதும் சம உழைப்பல்ல. ஒருவர் பத்து நிமிடத்தில் எழுதும் குறிப்பு, ஆயிரம் பேருக்கு ஆளுக்கொரு மாலையை மிச்சப்படுத்தும். தமிழில் படிக்கிறவருக்கு இது இன்னும் பொருந்தும்: ஆங்கிலம் படிக்கும் ஒருவர் பிழைச் செய்தியை அப்படியே தேடிப் பத்து விளக்கங்களைப் பெறுகிறார், தமிழ்க் கையேட்டை நம்பி வந்தவருக்குப் பெரும்பாலும் அந்த ஒரு கையேடுதான் கையிலிருக்கிறது.

தமிழில் இப்படிப்பட்ட கையேடுகளை எழுதுவோர் இப்போது பலர் இருக்கிறார்கள். கணியம் என்ற கட்டற்ற மென்பொருள் இதழ் 2012 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ் ஒலியில் தருகிறது. கல்லூரிகளில் ஆசிரியர்கள் ஆய்வகக் குறிப்புகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது அதிகமில்லை. வாசகர் தன் ஷெல் எது என்று அறிய உதவும் சில வாக்கியங்கள் தொடக்கத்தில் இருக்கட்டும்: வழக்கமான அமைப்பில், வரியின் தொடக்கத்தில் பி, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் பவர்ஷெல், அவை இல்லாமல் டிரைவ் எழுத்தும் ஃபோல்டர் பெயரும் முடிவில் அம்பும் மட்டும் தெரிந்தால் கமாண்ட் பிராம்ப்ட், டாலர் குறியில் முடிந்தால் பாஷாக இருக்கக்கூடும், மேக்கில் சதவீதக் குறியில் முடிந்தால் இசட் ஷெல். அந்தக் குறிகளைக் கட்டளையோடு சேர்த்து அச்சிட வேண்டாம். புதியவர் டாலரையும் சேர்த்தே தட்டச்சு செய்வார். ‘உங்கள் கோப்பின் பெயர்’ என்று நிரப்ப வேண்டிய இடத்தைக் கோண அடைப்புக்குறிக்குள் போடவும் வேண்டாம். பெரும்பாலான ஷெல்களுக்கு அது கோப்பிலிருந்து வாசி, கோப்பில் எழுது என்ற கட்டளை. மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் வரிக்கு அடுத்த வரியிலேயே அந்த மதிப்பைத் திரையில் காட்டச் சொல்லும் கட்டளையையும், வர வேண்டிய விடையையும் சேருங்கள். தமிழ் உரையைத் தொடும் கட்டளை என்றால், மூலக் கோப்பின் நகலில் செய்யச் சொல்லுங்கள். விடைக் கோப்பைத் திறந்து முதல் சில வரிகளில் கேள்விக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதும் மாணவர்கள் கட்டளைக்கு மேலே ஷெல்லின் பெயரையும் எழுதட்டும். ஆசிரியர் மதிப்பெண் போடும்போது அதையும் பார்க்கட்டும்.